ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகம்: ராத்திரி வாசிப்பை எங்க நிறுத்தலாம், எங்க நிறுத்தக் கூடாது?

அவனியாபுரம் அப்பா:
மகளுக்குப் பத்து வயசு. ஆறு புத்தகம் முடிச்சாச்சு. ஏழாவதை நான் சத்தமா வாசிக்கணும், புரியாத இடத்துல தமிழ்ல சொல்லணும், அதான் ஒப்பந்தம். ராத்திரி முக்கால் மணி நேரம் கிடைக்கும். எப்படிப் பிரிக்கிறது? புத்தகம் பழைய கடையில வாங்குன பேப்பர்பேக். முதுகு விட்டு ரெண்டா நிக்குது. அதுக்கும் வழி சொல்லுங்க.

மாடக்குளம் வாசகி:
36 அத்தியாயம், அப்புறம் ஒரு பின்கதை. ஏறக்குறைய 2 லட்சம் சொல். நிமிஷத்துக்கு 120 சொல்லுன்னா ஒரு அத்தியாயமே சராசரி 45 நிமிஷம். விளக்கமும் சேந்தா ராத்திரிக்கு ஒண்ணு முடியாது. ரெண்டு மாசம்னு வச்சுக்கங்க.

முதல்ல பழைய புத்தகங்கள்ல நாலு இடத்தைத் திருப்பிப் பாருங்க. ஒண்ணாவதுல 11ஆம் அத்தியாயம்: ஸ்னிட்ச்ங்கிற பறக்குற சின்னப் பந்தை ஹாரி வாயால பிடிக்கிறது. அஞ்சாவதுல 6: வீட்டைச் சுத்தம் பண்றப்ப யாராலயும் திறக்க முடியாத கனமான லாக்கெட், வந்த சுவடு தெரியாம போயிரும். அதே புத்தகத்தோட கடைசியில உடையுற முகம் பாக்குற கண்ணாடி. ஆறாவதுல 24: ஒளிச்ச புத்தகத்துக்கு அடையாளமா சிலை தலையில வைக்கிற பழைய கிரீடம். இதெல்லாம் ஏழாவதுல திரும்ப வரும். மறந்திருந்தா, 'இது எங்கருந்துப்பா வந்துச்சு'ன்னு வாசிப்பு அங்கங்க நிக்கும்.

இனி ஏழாவது. 23ஆம் அத்தியாயம் முடிச்ச கையோட விளக்கை அணைச்சிராதீங்க. ஹாரிக்கு உதவுற குட்டி உருவம் டாபி சாகுறது அங்கதான். 24ல ஹாரி மந்திரம் போடாம மண்வெட்டி பிடிச்சுக் குழி தோண்டுறான். அந்தப் பக்கங்களையும் சேத்து வாசிச்சாத்தான் அழுகை அடங்கும். 17ல ஹாரியோட மந்திரக்கோல் உடையும். 18 சின்னது, முழுக்கச் சோகம். அதை 19 கூட ஒட்டிருங்க. 33லருந்து 36 வரை ஒரே நாள்: ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிங்க. 34 ஹாரியைக் கொல்ல எதிரி ஏவுற பச்சை வெளிச்சத்தோட முடியுது. அங்க நிறுத்தினா பிள்ளை தூங்காது.

4ஆம் அத்தியாயத்துல ஹாரி வளக்குற ஆந்தை செத்துப்போகும். அதை முன்கூட்டியே சொல்லிருங்க.

கே.கே.நகர் டீச்சர்:
ஆந்தை விஷயத்தைச் சொல்லக் கூடாதும்மா. சொல்லிட்டா அடுத்து யாரு, அடுத்து யாருன்னு எண்ண ஆரம்பிச்சிரும். நாலு வரியில முடியுற சாவு. வாசிச்சிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்.

பிள்ளைக கழண்டுக்கிற இடம் 14, 15. கூடாரம், பசி, சண்டைன்னு இழுக்கும். இங்க மட்டும் தமிழ்ல சுருக்கிக்கலாம், ஆனா ஹாரியோட நண்பன் ரான் கோவிச்சுட்டுப் போற இடத்தை முழுசா வாசிங்க. 21ல வர்ற மூணு அண்ணன் தம்பி கதை நம்ம பாட்டி கதை மாதிரிதான்; முதல்ல தமிழ்ல சொல்லிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல வாசிங்க.

சிம்மக்கல் பைண்டர்:
செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க. நம்ம வெயிலுக்குப் பசை கசிஞ்சு பக்கமெல்லாம் மஞ்சளாயிரும். இந்த மாதிரிப் புத்தகத்துல தையல் கிடையாது, உருக்கி ஊத்துன பசைதான். நாளானா அது காஞ்சு நொறுங்கும்.

அட்டையைப் பைய உரிங்க. தாளையெல்லாம் தட்டி நேராக்கி, ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு இறுக்குங்க; முதுகுப் பக்கம் சாய்க்கிற அளவுக்கு வெளிய நிக்கட்டும். பழைய பசையை உப்புத்தாளால தேய்ச்சு எடுங்க. ஃபெவிகாலை மெல்லிசாத் தடவி, முதுகை ஒரு பக்கம் சாய்ச்சு ஒரு தடவு, மறுபக்கம் சாய்ச்சு ஒரு தடவு. அப்பத்தான் ஒவ்வொரு தாளோட ஓரத்துலயும் பசை ஏறும். தண்ணி கலந்தா தாள் நெளிஞ்சிரும். மேல மல்துணிப் பட்டை ஒட்டி, முதுகை விட ரெண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதலா விடுங்க. அட்டையைப் பிடிக்கிறது அந்தத் துணிதான். ராத்திரி முழுக்க அம்மி, இல்லாட்டி அரிசி மூட்டைக்கு அடியில வைங்க. ஐப்பசி மழையில ஒரு நாள் கூட ஆகும்.

அவனியாபுரம் அப்பா:
நன்றிங்க எல்லாருக்கும். மல்துணிக்குப் பதிலா பழைய வேட்டி ஆகுமாண்ணே?

சிம்மக்கல் பைண்டர்:
ஆகும் தம்பி, பருத்தியா இருந்தா. கரையை வெட்டிட்டு எடுங்க.