மிச்சத் துணியில் ஜபலா: கழுத்துப் பட்டி படியாமல் தூக்கி நிற்கிறது

நூல்கண்டு:
6 மாதக் குழந்தைக்குக் கை இல்லாத ஜபலா தைக்கிறேன். உடம்புக்கு மல் காட்டன் துப்பட்டாவில் மீந்தது, கழுத்துப் பட்டிக்கு பிளவுஸ் தைத்து மிச்சமான சிவப்பு பாப்ளின். மடிப்பில் கழுத்து அகலம் 2 அங்குலம், முன் இறக்கம் 2½, பின் இறக்கம் 1. பட்டி அகலம் 1¼, கரையோரமாக நேராக வெட்டியது. தைத்தபின் கழுத்து வளைவு அலை அலையாகத் தூக்கி நிற்கிறது, இஸ்திரி போட்டாலும் படியவில்லை. தலையும் நுழையாது போலிருக்கிறது. போதாததற்கு, தையல் ஆரம்பிக்கும் இடத்தில் மெஷின் துணியை உள்ளே இழுத்து அடியில் நூல் சிக்காகிறது. கால் மெஷின், 16 நம்பர் ஊசி.

ஊசிமுனை:
அலைக்குக் காரணம் நேர் பீஸ். கழுத்துக் குழிவில் பட்டியை மடிக்கும்போது மடிப்பு விளிம்பு உட்பக்கம் வருகிறது. அங்கே சுற்றளவு தையல் கோட்டைவிடக் குறைவு. நேராக வெட்டிய துணி சுருங்கி வளையாது, அந்த மிச்ச நீளம்தான் தூக்கி நிற்கிறது. எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் திரும்ப எழும்பும். கிராஸ் பீஸ் (துணியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய பட்டி) ஒன்றே வழி. சந்தேகமிருந்தால் வெட்டுமுன் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பினால் அது கிராஸ்.

தலை விஷயம்: உங்கள் அளவுக்குக் கழுத்துச் சுற்று ஏறக்குறைய 12 அங்குலம்தான் வரும். 6 மாதக் குழந்தையின் தலைச்சுற்று 17 அங்குலம் ஒட்டி இருக்கும். பின் நடுவில் 3½ அங்குலம் கீறல் விட்டால் இருபுறமும் சேர்ந்து 7 கூடி, 19 ஆகிவிடும். கழுத்தை அகலமாக்கிச் சமாளிக்காதீர்கள், தோள் வழுக்கும்.

காஜாபட்டன்:
கிராஸுக்குத் துணி போதாது என்று நினைக்க வேண்டாம். 7 அங்குலச் சதுரம் ஒன்று கிடைத்தால் போதும். மூலைக்கு மூலை மடித்து, மடிப்பில் வெட்டினால் இரண்டு முக்கோணம். ஒவ்வொன்றிலும் அந்த நீள ஓரத்துக்கு இணையாக 1¼ அங்குலத்தில் கோடு போட்டு இரண்டு பட்டி எடுங்கள். மொத்தம் நான்கு துண்டு. பட்டியின் இரண்டு முனையும் சாய்வாகவே வரும், அதை வெட்டி நேராக்கிவிடாதீர்கள். இணைப்பும் அந்தச் சாய்விலேதான் விழணும்: நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்த்து, இரண்டு பட்டியும் ‘ட’ போல மூலையில் நிற்கும்படி வைத்து ¼ அங்குலத்தில் தையல். விரித்தால் ஒரே நேர்கோடு. நாலும் இணைந்தால் 25 அங்குலம் தேறும். கழுத்துக்கு 12 போக, இரண்டு பக்கமும் ஐந்தைந்து அங்குலம் நீட்டி விட்டால் அதுவே பின்னால் கட்டும் நாடா. பட்டன் வேண்டாமே, பிய்ந்து வாய்க்குள் போகும்.

வெட்டின நேர் பட்டியும் வீணில்லைங்க. பின் கீறல் விரித்தால் நேர்கோடுதானே, அதுக்கு நேர் பீஸே பொருந்தும். 7½ அங்குலத் துண்டு எடுத்து முதலில் கீறலை முடியுங்கள், அப்புறம்தான் கழுத்து.

நூல்கண்டு:
பிரித்து, கிராஸில் தைத்தாயிற்று. அலை போய்விட்டது. இப்போது முன் கழுத்தில் சின்னச் சின்னச் சுருக்கம். தையலுக்கு விட்ட ஓரத்துணியில் கத்தரியால் வெட்டு கொடுக்கவேண்டுமா?

ஊசிமுனை:
வெட்டு தேவையில்லை. பட்டி முழுக்க உள்பக்கம் திரும்பினால்தான் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. உங்களுடையது ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டி. உள்ளே இருக்கும் துணியை ⅛ அங்குலமாக ஒரே சீராக நறுக்கினால் போதும். மல்லில் வெட்டு கொடுத்தால் நூல் பிரிந்து தையல்வரை கிழியும்.

சுருக்கம், பட்டியை அதிகம் இழுத்ததால் வந்தது. மொத்தக் கழுத்துக்கும் அரை அங்குலம் இழுத்தால் போதும், அதுவும் முன் வளைவில் மட்டும். தோள் பக்கம் இழுக்கவே கூடாது. முன் நடு, இரண்டு தோள், கீறல் முனை எல்லாவற்றிலும் முதலில் குண்டூசி குத்துங்கள். மல் கைபட்டாலே இளகும். எனவே பட்டி வைக்குமுன் கழுத்து ஓரத்திலிருந்து ⅛ அங்குலத்தில் கழுத்துத் துணியில் மட்டும் ஒரு ஓட்டம் தைத்து வைத்தால் கழுத்து விரியாது.

பாபின்கேஸ்:
மெஷினுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மல்லுக்கு 16 ஊசி ரொம்பப் பருமன், ஓட்டை விழுந்து துணியை அமுக்கும். 11 போடுங்கள். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூல் கோர்க்கணும். அடியில் சிக்கு என்றால் பாபின் கேஸ் (அடிநூல் உருளைக் கூடு) திருகைத் தொடாதீர்கள், பெரும்பாலும் மேல் நூல்தான். துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பக் கோர்த்தால்தான் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரும். ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனையும் 3 அங்குலம் வெளியே இழுத்து, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து ¼ அங்குலம் தள்ளி முதல் குத்து. அப்படியும் விழுங்கினால் அடியில் ஒரு டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்து, அப்புறம் கிழித்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

காஜாபட்டன்:
ஒன்று கேட்க விட்டுப்போச்சு. அந்தச் சிவப்பு பாப்ளினை நனைத்துக் காயவைத்து வெட்டினீர்களா? துவைத்துப் பழகின துப்பட்டாவோடு நனைக்காத புதுத்துணி சேர்ந்தால், முதல் துவைப்பில் பட்டி மட்டும் சுருங்கிக் கழுத்தை இழுத்துவிடும். சாயமும் போகும். மிச்சத் துண்டை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால் அந்தச் சிவப்பே வேண்டாம், மல்லிலேயே பட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.