ஆட்டுக்குடலில் தையல் பழகியவர்கள் எழுதுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம், அரசு மருத்துவர்:

எம்.எஸ். (அறுவை மருத்துவ மேற்படிப்பு) சேரும் முன்பே கையைப் பழக்கிக்கொள்ள நினைக்கிறவர்களுக்காக இதை ஆரம்பிக்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தோலுக்குத் தையல் போட நிறைய வாய்ப்பு வந்தது. குடலைத் தொடும் வாய்ப்பு வரவில்லை.

மேலப்பாளையத்தில் கறிக்கடை பாயிடம் போய், சிறுகுடலைக் கீறாமல் முழுசாக வேண்டும் என்று கேட்டேன். "கீறாம எப்படிம்மா கழுவுவீங்க?" என்றார். தைத்துப் பழகத்தான் என்று சொன்னதும், அதற்குப் பிறகு எனக்கென்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

உப்புத்தண்ணீரில் உள்ளும் வெளியும் அலசி, குறுக்கே வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பேன். தேதி முடிந்து ஒதுக்கிய விக்ரில் (உடலில் தானே கரையும் தையல் நூல்), நானே வாங்கிய நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் கருவி). முதல் தையல் மெசென்டரி (குடலைத் தாங்கி ரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் சவ்வு) ஒட்டியிருக்கும் பக்கத்தில். அங்கே கொழுப்பு மூடியிருப்பதால் விளிம்பு சரியாகத் தெரியாது, கசிவும் அங்கேதான் அதிகம் வரும். தையலுக்குத் தையல் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி. ஊசி சப்மியூகோசாவை (குடலின் உள்தோலுக்கு அடுத்த அடுக்கு) பிடிக்க வேண்டும். குடலின் பலம் அந்த அடுக்கில் இருக்கிறது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1887-லேயே காட்டிவிட்டார். படிக்கும்போது அது ஒரு வரி, அவ்வளவுதான். கையில் அப்படி இல்லை. மேலோட்டமாகக் குத்தினால், நூலை இறுக்கும்போது குடல் கிழிந்துகொண்டு வரும். சரியான அடுக்கில் ஏறினால் ஊசி லேசாகத் தடுக்கும், அந்தத் தடை விரலுக்குத் தெரியும்.

தைத்து முடித்ததும் ஒரு முனையை இறுக்கிக் கட்டிவிட்டு, மறுமுனையில் சிரிஞ்சால் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஏற்றுவேன். எங்கே நீலம் கசிகிறதோ அங்கே தையல் சரியில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், பழகும் பொருளே நம் தப்பைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்பாஞ்சில் ஊசி பிடிக்கப் பழகலாம். ஆனால் எப்படித் தைத்தாலும் ஸ்பாஞ்ச் ஏற்றுக்கொள்ளும்.

பாளையங்கோட்டை, முதுநிலை மாணவர்:

அக்கா, நான் லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் அறுவை) பழகுகிறேன். ஹாஸ்டல் அறையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, கருவி நுழைய இரண்டு ஓட்டை, உள்ளே எல்இடி பட்டை, மேலே போன். தேய்ந்துபோன மேரிலேண்ட் (நுனி வளைந்த பிடிகருவி) இரண்டை எங்கள் சார் கொடுத்தார். கையை வலப்பக்கம் நகர்த்தினால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். மூளைக்கு அது பழகும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

நீங்கள் சொன்ன கசிவுச் சோதனை மாதிரி, எனக்குக் கணக்குச் சொல்வது கடிகாரம். எஃப்எல்எஸ் என்ற லேப்ராஸ்கோப்பி அடிப்படைப் பயிற்சியில் முதல் வேலை பெக் டிரான்ஸ்ஃபர்: ஆறு துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கையால் தூக்கி, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கக் குச்சியில் மாட்ட வேண்டும், பிறகு திரும்பவும் பழைய இடத்துக்கே. பயிற்சியில் எட்ட வேண்டிய இலக்கு 48 வினாடி, எதையும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் தவறவிடக் கூடாது. காஸ் துணியில் வரைந்த வட்டத்தை வெட்ட 98 வினாடி, கோட்டை விட்டு 2 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது.

ஒரு விஷயம், போன் படத்தை வைஃபையில் டிவிக்கு அனுப்பிப் பழகாதீர்கள். படம் தாமதமாக வரும், கையும் அந்தத் தாமதத்துக்குப் பழகிவிடும். ஒயர் போட்டு இணையுங்கள், இல்லையென்றால் போனையே பாருங்கள்.

உவரி, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:

டாக்டரம்மாவுக்கும் தம்பிக்கும் வாழ்த்து. முடிச்சைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எல்லாரும் கட்டில் காலில் பருத்தி நூலைக் கட்டிப் பழகுகிறார்கள். பருத்தியில் உரசல் அதிகம், தப்பான முடிச்சும் நின்றுவிடும். எங்கள் கடற்கரையில் தூண்டில் நரம்பு (மீன்பிடிக்கும் வழவழப்பான ஒற்றை இழை) எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் இரண்டாம் சுற்றைத் திசை மாற்றாமல் போட்டு இழுத்துப் பாருங்கள், அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். புரோலின் என்ற வழவழப்பான தையல் நூலுக்கும் இதே குணம்தான். கையுறை போட்டு, விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு கட்டுங்கள். வயிற்றுக்குள் ஈரம் இருக்கும்.

டாக்டரம்மா, ஒன்று சொல்ல வேண்டும். நீலத் தண்ணீர் கசிவைக் காட்டும். விளிம்பில் ரத்த ஓட்டம் போதுமா, குடல் இழுபட்டு நிற்கிறதா என்று கடையில் வாங்கிய குடல் காட்டாது. உயிருள்ள குடலின் நிறத்தையும், வெட்டின விளிம்பில் ரத்தம் வருவதையும் பார்த்துப் படிக்கத் தியேட்டரில் மூத்தவர் பக்கத்தில் நின்றாக வேண்டும். அதற்கு வழி தேடுவதை விட்டுவிடாதீர்கள். தைக்கும்போது கை மட்டும் தெரிகிற மாதிரி போனில் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். ஆட்டுக்குடலைத் தொட்ட கருவி எந்தக் காரணத்துக்காகவும் நோயாளியிடம் போகக் கூடாது.

அம்பாசமுத்திரம் பக்கம், அரசு மருத்துவர்:

ரொம்ப நன்றி சார். இந்த வாரமே எடுத்து அனுப்புகிறேன். தூண்டில் நரம்பு என்ன கனத்தில் கேட்க வேண்டும்?

உவரி, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:

0.30 மி.மீ. என்று கேளுங்கள். 2-0 அளவு புரோலின் கனத்துக்கு வரும். அது கைக்கு வந்த பிறகு 0.20-க்கு இறங்கலாம், அது இன்னும் மெல்லிய 3-0 அளவு நூலின் கணக்கு.