டேபிள் டாப் வாஷ்பேசினா, சுவரில் மாட்டுவதா? 4½ × 7 அடி குளியலறைக்கு எது சரி

ஆதம்பாக்கம்_வாசகர்:
சென்னையில் மூன்றாவது மாடி, அதுவே மேல்தளம். குளியலறை 4½ அடிக்கு 7 அடி. பழைய டைல்ஸை உடைத்து முடித்தாயிற்று. பேசின் வரும் சுவர் 4 இன்ச் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான சிமெண்ட் கல்). போர் தண்ணீர், உப்பு அதிகம். புதுத் தரைமட்டத்திலிருந்து 20 இன்ச் உயரத்தில் வேஸ்ட் பாயிண்ட் (பேசின் கழிவுநீர் சுவருக்குள் போகும் வாய்). பயன்படுத்துகிறவர்களில் ஒருவருக்கு 74 வயது, உயரம் 5 அடி. கிரானைட் மேடையில் டேபிள் டாப் வைக்க வீட்டில் ஆசை. "சுவர்ல மாட்டுற பேசினே போதும்" என்கிறார் மேஸ்திரி. இந்த வாரமே முடிவு செய்ய வேண்டும்.

உள்_அலங்காரம்:
டேபிள் டாப்பையே போடுங்கள் சார். அழகுக்காகச் சொல்லவில்லை, உங்கள் சுவருக்காகச் சொல்கிறேன். ஏஏசி பிளாக்கில் துளை போட்டால் மாவாக உதிரும். சாதாரண பிளக் அடித்து ரேக் போல்ட் (பேசினைச் சுவரில் பிடிக்கும் போல்ட்) முறுக்கினால் அன்றைக்கு இறுகின மாதிரி இருக்கும், போகப் போக ஆடத் தொடங்கும். ஆடினால் பேசினுக்கும் டைல்ஸுக்கும் நடுவே போட்ட சிலிக்கான் கிழியும்; அந்த இடுக்கு வழியாகச் சுவர் ஊறும். டேபிள் டாப் என்றால் எடை முழுக்கக் கல்மேல். 18 மிமீ கிரானைட், வெளியே தெரிவது 30 × 18 இன்ச் போதும். பின்சுவரில் 2 இன்ச் காடி வெட்டிக் கல்லைச் செருகி, ஒரு முனையில் அதே கல்லில் கால் நிறுத்திவிடலாம். சோப்பு, பிரஷ் வைக்கவும் இடம் கிடைக்கும்.

குழாய்_வேலை:
சுவரைப் பத்தி சொன்னது சரிதான். ஆனா உயரத்தைச் சொல்லாம டேபிள் டாப் போடச் சொல்லிட்டீங்களே. மேஸ்திரிங்க பழக்கத்துல மேடையை 32 இன்ச்சுல நிறுத்திடுவாங்க. அதுமேல 5½ இன்ச் பேசின் உட்கார்ந்தா விளிம்பு 37½ இன்ச்சு. 5 அடி உயரம் இருக்கிறவங்களுக்கு முழங்கையே ஏறக்குறைய அந்த மட்டத்துலதான் இருக்கும். முகம் கழுவினா தண்ணி முழங்கையில வழிஞ்சு ரவிக்கைக் கைக்குள்ள இறங்கும். விளிம்பு தரையிலேர்ந்து 32, 33 இன்ச்சுல நிக்கணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. வயசானவங்க வாய் கொப்பளிச்சு நிமிரும்போது விளிம்புல கை ஊன்றுவாங்க. டேபிள் டாப்பைக் கல்லோட பிடிச்சிருக்கிறது நடுவுல இருக்கிற ஒரே ஒரு கப்ளிங் (பேசின் ஓட்டையில மாட்டுற வேஸ்ட் குழாய்) நட்டும் சுத்தியிருக்கிற சிலிக்கானும்தான். முன்விளிம்பை அழுத்தினா பின்பக்கம் தூக்கும். கப்ளிங் வாஷர் நசுங்கும், ஒழுக்கு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். 18 × 12 இன்ச் வால் ஹங் (சுவர்ல மாட்டுற பேசின்) ஒண்ணு, அடியில ஹாஃப் பெடஸ்டல் (தரையைத் தொடாத அரைப் பீங்கான் மூடி). இடமும் மிச்சம்.

உள்_அலங்காரம்:
மேடையை 32-இல் நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? விளிம்பை 32½ இன்ச் என்று வைத்துக்கொண்டு கீழ்நோக்கிக் கணக்குப் போடுங்கள். பேசின் 5½ இன்ச். கல்லின் மேல்மட்டம் 27-இல் வந்துவிடும். கை ஊன்றுவதற்குக் கல்லின் முன்விளிம்பு இருக்கிறதே.

குழாய்_வேலை:
18 இன்ச் கல்லுல 15, 16 இன்ச் பேசினை வெச்சுட்டு, பின்னாடி துடைக்கக் கை நுழைய இடமும் விட்டா முன்னாடி என்னங்க மிஞ்சும்? அதுல உள்ளங்கை வைக்க முடியாது.

கல்லும்_கலவையும்:
இருவருமே சுவரைப் பாதிதான் பார்க்கிறீர்கள். 4 இன்ச் சுவரில் 2 இன்ச் ஆழத்துக்குக் கிடைமட்டக் காடி வெட்டுவது தவறு. அந்த வரிசையில் பாதிச் சுவரே போய்விடும். மேடைதான் வேண்டும் என்றால் பின்சுவரைத் தொடாமல் இரண்டு முனையிலும் கல் கால் நிறுத்துங்கள்.

சுவரில் மாட்டுவதென்றாலும் ஏஏசி தடையில்லை, முதலில் கான்கிரீட் பட்டை கொடுக்க வேண்டும், அவ்வளவே. வாங்கப்போகும் பேசினைக் கொண்டுவந்து, பின்பக்கத் துளைகள் விளிம்பிலிருந்து எத்தனை இன்ச் கீழே என்று அளந்து சுவரில் குறியுங்கள். அந்தக் குறி நடுவில் வரும்படி 2 அடி நீளம், 8 இன்ச் உயரத்துக்குப் பிளாக்கை முழு ஆழமும் எடுத்துவிட்டு, மறுபுறம் பலகை அடைத்து, 1:2:4 கலவையில் 12 மிமீ ஜல்லியோடு நிரப்பிக் குத்துங்கள். சுற்றியுள்ள பிளாக்கை முன்னமே நனைக்க வேண்டும்; காய்ந்த ஏஏசி கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். 7 நாள் நீராற்றிய பிறகே துளை. டைல்ஸ் கனம் தாண்டும் வரை டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும்) இயக்கத்தை நிறுத்தி வையுங்கள். போல்ட்டில் நைலான் வாஷர் இல்லாமல் நட்டைப் பீங்கான்மேல் நேரடியாக முறுக்கினால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். அது மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

ஹாஃப் பெடஸ்டல் எடை தாங்காது, டிராப்பை (நாற்றம் வராமல் தண்ணீர் நிற்கும் அடிக்குழாய்) மறைப்பதற்கு மட்டும்தான். தரை வரை வரும் முழு பெடஸ்டல் வைத்தாலும் போல்ட்டுகளைப் போடாமல் இருக்கக் கூடாது.

தெளிநீர்:
போர் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. டேபிள் டாப்பில் துடைக்க வேண்டியது உள்பக்கம் மட்டுமல்ல. வெளிப்பக்கம், கல்லோடு சேரும் வளையம், பின்னால் உள்ள இடுக்கு எல்லாமும். அந்த வளையத்தில் தினமும் ஈரம் நின்று காய்ந்தால் வெள்ளை உப்பு கோடாகப் படியும். அதை எடுக்க ஆசிட் ஊற்றுவார்கள். டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்ட் கரையும், கப்ளிங்கின் குரோம் பூச்சும் போகும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ துணியில் நனைத்துப் பத்து நிமிடம் சுற்றி வைத்தாலே போதும், ஆனால் மேடை மார்பிளாக இருந்தால் அதுவும் கூடாது. மேட் கறுப்பு பேசின் உங்கள் தண்ணீருக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளையில், பளபளப்பான விட்ரியஸ் சைனா (மெருகேற்றிய பீங்கான்) எடுங்கள். ஐஎஸ் 2556 (இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

குழாயும் பார்க்க வேண்டும். டேபிள் டாப்புக்கு உயரமான குழாய் வேண்டும். மேல்தளத்தில் தொட்டிக்கும் குழாய்க்கும் 10 அடிதான் வித்தியாசம் என்றால் அழுத்தம் சுமார் 0.3 பார். ஒற்றைப் பிடி மிக்சர்கள் (சுடுநீரும் குளிர்நீரும் கலந்து தரும் குழாய்கள்) பலவற்றுக்கு 0.5 பாருக்கு மேல் தேவை. அதில் உப்பு அடைத்த ஏரேட்டரும் (குழாய் வாயில் உள்ள சல்லடை) சேர்ந்தால் தண்ணீர் நூலாகத்தான் வரும். சாதாரண பில்லர் காக் (ஒரே தண்ணீருக்கான நிற்கும் குழாய்) இந்த அழுத்தத்தில் நன்றாக ஓடும்.

ஆதம்பாக்கம்_வாசகர்:
தொட்டி எங்கள் தலைக்கு மேலேதான், 10 அடிகூட வராது. அண்டர் கவுண்டர் (மேடைக் கல்லுக்கு அடியில் பொருத்தும் பேசின்) யோசிக்கலாமா?

கல்லும்_கலவையும்:
இந்த இடத்துக்கு வேண்டாம். மேடையைத் துடைத்துத் தண்ணீரை உள்ளே தள்ள வசதிதான். ஆனால் சிலிக்கான் மட்டும் பேசினைத் தாங்காது, கீழே கிளாம்ப் கொடுக்க வேண்டும். உடைந்தால் மாற்ற அதே வெட்டுக்கு அதே அளவுப் பேசின் கிடைக்க வேண்டும்.

உள்_அலங்காரம்:
அழுத்தத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, அது சரியான ஆட்சேபணை. ஆனால் உயரமான பில்லர் காக் தனியாகவே கிடைக்கிறது, மிக்சர் கட்டாயமில்லை. குழாயின் வாய் பேசின் விளிம்புக்கு மேலே 4 இன்ச் இருந்தால் போதும். 6, 7 இன்ச் உயர்ந்தால் அதிக அழுத்தத்தில் தெறிக்கும். கல்லை 22 இன்ச் அகலமாக்கினால் கை ஊன்றவும் இடம் வரும். 4½ அடியில் அது முடியும்.

குழாய்_வேலை:
54 இன்ச்சுல 22 போனா 32 மிச்சம். கதவு உள்பக்கமா திறக்குதுன்னா அதையும் கழிச்சுப் பாருங்க. ஒருத்தர் உதவிக்குக் கூட நிக்கணும்னா பத்தாது.

எதைப் போட்டாலும் கப்ளிங்கைச் சரியா வாங்குங்க, பாதி ஒழுக்கு அதாலதான். சைஸ் 32 மிமீ. ஓவர்ஃப்ளோ ஓட்டை (நிறைஞ்சா தண்ணி வெளியேற மேல இருக்கிற துளை) இருக்கிற பேசினுக்கு ஹாஃப் த்ரெட் (பாதிதான் மரை, பக்கவாட்டுல அந்தத் தண்ணி நுழைய ஜன்னல் மாதிரி ஓட்டை), இல்லாததுக்கு ஃபுல் த்ரெட் (முழுக்க மரை). ஓவர்ஃப்ளோ இருக்கிற பேசினுக்கு ஃபுல் த்ரெட் போட்டா மேல்வழித் தண்ணி போக வழியில்லாம பீங்கானுக்குள்ள தேங்கி நாறும். டேபிள் டாப்புல ஹாஃப் த்ரெட்டோட ஜன்னல் பேசின் அடியைத் தாண்டிக் கீழ வந்துச்சுன்னா, தண்ணி நேரா கல்லுக்கும் பேசினுக்கும் நடுவுல இறங்கும். 27 இன்ச் மேடைக்கு 5 இன்ச் கப்ளிங் எடுங்க. 7 இன்ச் எடுத்தா நுனி 21-க்கு வந்துடும், பாட்டில் டிராப்போட (புட்டி வடிவ டிராப்) வெளிவாய் உங்க 20 இன்ச் பாயிண்டுக்குக் கீழ போயிடும்.

டேபிள் டாப்புல ஓவர்ஃப்ளோ இல்லாத மாடல்தான் நிறைய. தொட்டி காலியான நேரத்துல யாராவது குழாயைத் திறந்து மறந்துட்டு, அப்புறம் மோட்டார் போட்டா, பாப் அப் (அழுத்தி மூடித் திறக்கிற வேஸ்ட்) மூடியிருக்கிற பேசின் நிறைஞ்சு தரைக்கு வந்துடும். பாப் அப் வேண்டாம், மூடி இல்லாத ஜாலி வேஸ்ட் போடுங்க.

உள்_அலங்காரம்:
ஜாலி வேஸ்ட்டை ஏற்கிறேன். வால் ஹங்கில் சோப்பு, பிரஷ், மருந்து டப்பா எங்கே போகும்? தனியாக ஒரு அலமாரிப் பலகை வைத்தாக வேண்டும், அதற்கும் அதே ஏஏசி சுவர்தான்.

கல்லும்_கலவையும்:
பட்டை போடும்போதே மேலே 48 இன்ச் உயரத்தில் இன்னொரு சிறு பட்டை போட்டுவிடுங்கள், பலகை அதில் நிற்கும். பேசின் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி வருமிடத்திலும் ஒன்று. டைல்ஸ் ஒட்டுமுன் மூன்றையும் அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதம்பாக்கம்_வாசகர்:
கதவு உள்ளேதான் திறக்கிறது. அதனால் வால் ஹங், விளிம்பு 32½ இன்ச், ஓவர்ஃப்ளோ உள்ள மாடல், பில்லர் காக். பட்டை வேலை நாளைக்கே.

குழாய்_வேலை:
மாட்டினதும் சிலிக்கான் போட அவசரப்படாதீங்க. வேஸ்ட் ஓட்டையை ரப்பர் மூடியால அடைச்சு, ஓவர்ஃப்ளோ வழியா ஓடுற அளவுக்குத் தண்ணி விடுங்க. அடியில காஞ்ச நாளிதழை விரிச்சு வெச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மூடியைப் பட்டுனு எடுங்க. தாள்ல ஒரு சொட்டு வட்டம் விழுந்தாலும் கப்ளிங் வாஷரைக் கழட்டித் திரும்பப் போடுங்க, அப்புறம் சிலிக்கான்.