கீல் அடிக் குண்டுக்கு லேமினார் வடிவம் தேவையா?

ஏரிக்காற்று: ஏற்காடு ஏரியில் ஓட்ட ரேடியோவில் இயக்கும் சிறு பாய்மரப் படகு கட்டுகிறேன், ஒரு மீட்டர் பந்தய வகுப்பு. கீல் (படகுக்கு அடியில் தொங்கும் துடுப்புத் தகடு) அடியில் வரும் ஈயக் குண்டை நாகா 66 வரிசை (விமான இறக்கைக்காக அமெரிக்காவில் வகுத்த லேமினார் வடிவங்கள்) வடிவத்தில் வார்க்கலாமா? அதிகத் தடிமனைப் பின்னால் தள்ளினால் லேமினார் ஓட்டம், அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக வழுக்கும் ஓட்டம், நீளும், இழுவை குறையும் என்கிறார்கள். நீளம் 28 செ.மீ., எடை 2 கிலோ.

அஸ்தம்பட்டி_மெக்கானிக்கல்: தம்பி, முதலில் கணக்கைப் போடுங்கள். படகு நொடிக்கு 1 மீட்டர் போனால் ரெனால்ட்ஸ் எண் (வேகம், நீளம், தண்ணீரின் பிசுபிசுப்பு மூன்றையும் வைத்து ஓட்டம் கலங்குமா என்று காட்டும் எண்) 2.8 லட்சம்தான். வழவழப்பான தகட்டிலேயே ஓட்டம் கலங்க 5 லட்சம் போல ஆகும், ஆக லேமினார் உங்களுக்குச் சும்மாவே கிடைக்கிறது. தொல்லை வால் பக்கம். தடிமனைப் பின்னுக்குத் தள்ளினால் வால் சட்டென்று ஒடுங்கும், அங்கே அழுத்தம் ஏறும், அதை எதிர்த்துப் போக லேமினார் ஓட்டத்துக்குத் தெம்பு கிடையாது, பரப்பை விட்டுப் பிரிந்து பின்னால் சுழலாகிவிடும். அதிகத் தடிமன் வரும் இடம் மூக்கிலிருந்து நீளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டாமல், வால் மெல்ல மெல்ல ஒடுங்கட்டும். 66 வரிசை பெரிய படகுக்கான சமாச்சாரம்: 2 மீட்டர் குண்டு நொடிக்கு 3 மீட்டர் போனால் அந்த எண் 60 லட்சம், அங்கே பலன் உண்டு, அதுவும் பாசி பிடிக்காமல் துடைத்து வைத்தால்.

மேட்டூர்_பாய்: சார் சொன்னது சரி. இன்னொன்று, காற்றை எதிர்த்து ஏறும்போது படகு சில டிகிரி பக்கவாட்டில் நழுவிக்கொண்டேதான் போகும், குண்டுக்குத் தண்ணீர் நேராக வராது. லேமினார் வடிவங்கள் குறைந்த இழுவையைக் காட்டுவது குறுகிய கோணத்துக்குள்தான். மலை ஏரியில் காற்று வேறு திசை மாறி மாறி அடிக்கும். உங்கள் குண்டுக்கு விட்டம் 3.6 செ.மீ. பக்கம் வரும், அந்த நீள-விட்ட விகிதத்தில் இழுவையில் பெரும்பங்கு உராய்வு, குண்டை இன்னும் நீட்டினால் நனையும் பரப்புதான் கூடும்.

ஏரிக்காற்று: அப்போ மொத்த நீளத்தைக் கூட்டாமல், தடித்த இடத்தை முன்னால் வைத்து வாலை மெல்ல ஒடுக்கிவிடுகிறேன். வார்ப்பதற்கு பிளாஸ்டர் அச்சு போதுமா?

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை: போதும், ஆனால் எலும்பு போலக் காய வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகும், அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி முகத்தில் தெறிக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற வேலை வேண்டாம். ஆறும்போது சுருங்கும், அதனால் ஊற்றும் வாயைத் தடித்த இடத்தில் வையுங்கள். கீலும் குண்டும் சேர்த்து 2.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது ஒரு மீட்டர் வகுப்பின் விதி, எமரி தாள் போடும் முன்பே தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.