ஹாலோவீன் (1978): இன்றைக்கும் பயமாக இருக்கிறதா, இல்லை அது பழைய கதையா?

உறையூர்க்காரி:

(கதை முழுக்கத் தெரிந்துவிடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

போன சனிக்கிழமை என் அக்கா மகனை உட்காரவைத்து ஜான் கார்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ திகில் படத்தைப் போட்டுக் காட்டினேன். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். “இந்தப் படத்தைப் பார்த்துட்டு சித்தி ஒரு வாரம் கொல்லைப்பக்கமே போகலைடா” என்று பீற்றிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இருபது நிமிடத்தில் மானம் போனது.

முதலில் மரத்தைப் பார்த்துச் சிரித்தான். “அக்டோபர் 31ங்கறாங்க, மரமெல்லாம் பச்சைப்பசேல்னு நிக்குதே சித்தி.” அவன் சொன்னது சரிதான், அங்கே அது இலையுதிர் காலம். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில் ஹேடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊரில். எடுத்தது கலிஃபோர்னியாவின் சவுத் பாசடீனாவில், வசந்த காலத்தில். காய்ந்த இலைக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் வாரிக் கட்டி அடுத்த ஷாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர், இருபது நாள் படப்பிடிப்பு, அவ்வளவுதான். இதையெல்லாம் நானே வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லித் தொலைத்தேன். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் மாட்டியிருப்பது ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரில் வரும் கேப்டன் கர்க்கின் முகமூடி, இரண்டு டாலர்கூட இல்லாத ரப்பர், வெள்ளை பெயின்ட் அடித்துக் கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள் என்றும் சொன்னேன். அதோடு முடிந்தது. மைக்கேல் வரும்போதெல்லாம் “கேப்டன் வந்துட்டார்” என்றான். அப்புறம் போனை எடுத்துவிட்டான்.

நான் பார்த்தது 1990 முழுப்பரீட்சை லீவில். உறையூர் மாமா வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு தமிழ்ப் படம், ஒரு இங்கிலீஷ் படம். இங்கிலீஷ் கேசட்டைப் போடும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாயில் பதினோரு பேர். ஒருவருக்கும் வசனம் புரியவில்லை. கதாநாயகி லாரி தன் அறை ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பாள். கீழே கொடியில் வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருக்கும், நடுவில் அவன் நிற்பான். அடுத்த முறை பார்த்தால் துணி மட்டும் ஆடும். மாமா வீட்டுக் கொல்லையிலும் கொடி இருந்தது. அத்தை ராத்திரியில்தான் வேட்டி, போர்வையெல்லாம் அலசிப் போடுவார். நான் அடக்கிக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தேன்.

இப்போது என் சந்தேகம் இது. பயந்தது படத்துக்கா, இல்லை அந்தக் கொல்லைக்கும் கொடிக்குமா? இன்றைக்குப் புதிதாகப் பார்க்கிற யாராவது உண்மையாகப் பயந்தீர்களா? மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம்.

பத்துநொடி:

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, கோபப்படாதீர்கள். எனக்கு 23 வயது. பயமே வரவில்லை.

காரணம் படம் மோசம் என்பதல்ல. நான் முதலில் பார்த்தது 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’. அதில் பார்ட்டிக்கு வந்த பிள்ளைகள் டிவியில் பார்த்துக்கொண்டிருப்பதே ‘ஹாலோவீன்’தான். அதை நிறுத்திவைத்துவிட்டு ஒருத்தன் பாடம் நடத்துவான்: தப்புத்தண்டா செய்கிறவன் சாவான், ‘இதோ வந்துடறேன்’ என்று போகிறவன் திரும்ப மாட்டான். விடைத்தாளைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. 1980இல் ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ தொடங்கி எத்தனை பேர் இதை நகல் எடுத்தார்கள்! நகலை எல்லாம் பார்த்துவிட்டு அசலுக்கு வந்தால் அசல்தான் நகல் மாதிரி தெரிகிறது.

மெதுவாகவும் போகிறது. தொடக்கத்தில் மைக்கேல் தன் அக்காவைக் கொன்றதற்குப் பிறகு கண்முன்னே அடுத்த கொலை நடக்கச் சுமார் முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் இடையில் எத்தனை முறை பத்து பத்து நொடியாகத் தள்ளினேன் என்று கேட்காதீர்கள்.

ஸ்கோப்லென்ஸ்:

தம்பி, தள்ளிவிட்டுப் பார்த்தால் என்ன பயம் வரும்? இட்லி மாவை அரைத்த கையோடு ஊற்றிவிட்டு, உப்பவில்லை என்கிற கதைதான் இது.

நான் பதினெட்டு வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். உறையூர் அம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1990இல் நீங்கள் கேசட்டில் பார்த்தது கிட்டத்தட்ட பாதிப் படம். இது ஸ்கோப் படம், அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. அந்தக் காலத்து டிவிப் பெட்டிக்காக இரண்டு பக்கமும் வெட்டித்தான் கேசட் போடுவார்கள். கார்பென்டரும் கேமராமேன் டீன் கண்டியும் பயத்தை வைத்ததே அந்த ஓரங்களில்தான். நடுவில் பெண்கள் பேசிக்கொண்டு போவார்கள். நம் கண் அங்கே நிற்காது. இந்தப் பக்கம் செடி, அந்தப் பக்கம் வாசற்படி என்று ஓடிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் அங்கே ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்க்கவைத்தான் பாருங்கள், அதுதான் வேலை. உள்ளங்கை அகலப் போனில் ஓரம் ஏது?

ஒரே ஒரு ஷாட் சொல்கிறேன். கடைசியில் லாரி பிணங்களைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுவாள். பக்கத்தில் திறந்த கதவு, உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டிலிருந்து வெள்ளை முகம் மெல்ல மெல்ல மேலே வரும், பாலில் ஆடை கட்டுகிற மாதிரி. ஆள் நகர்வதே இல்லை. முகத்துக்கு நேராக ஒரு சின்ன விளக்கை வைத்து டிம்மரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார் கண்டி. நம் கண் இருட்டுக்குப் பழகிப் பழகி நாமே அவனைக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அந்த விரல் வேகம் வருமா என்று தெரியவில்லை.

கஞ்சிரா:

படத்தை விடுங்கள், சத்தத்துக்கு வாருங்கள். இசை சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மாவுக்குத் துளியும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். அப்புறம் தானே உட்கார்ந்து சில நாட்களில் இசை போட்டார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கெல்லாம் பணம் இல்லை. பியானோவும் சின்தசைசரும்தான்.

அந்த டைட்டில் இசையைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டிப் பாருங்கள். நாலு நாலாக எண்ணினால் உதைக்கும். அது ஐந்து. அரை அரையாக எண்ணினால் பத்து: தகிட தகிட தக தக. சின்ன வயதில் அவருடைய அப்பா போங்கோவில் சொல்லிக்கொடுத்த கணக்காம். நம்மூர் கச்சேரி காதுக்கு ஐந்தாக எண்ணுகிற கண்டம் புதிதில்லை. ஆனால் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது எட்டில் வந்து இறங்கத் தயாராக இருக்கும். இறங்குகிற நேரத்தில் ‘தக’ என்று இன்னொன்று வந்து விழும். மாடியிலிருந்து இருட்டில் இறங்கும்போது படி முடிந்துவிட்டது என்று காலை வைக்க, இன்னொரு படி இருந்தால் வயிற்றில் ஒரு பகீர் வருமே, அதேதான். படம் முழுக்க அந்தப் படியை எடுக்காமல் வைத்திருக்கிறார்.

பத்துநொடி தம்பி, தள்ளித் தள்ளிப் பார்த்ததில் தாளத்தையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

இரவுப்பணி:

நான் பயந்தேன். இரண்டு வருடம் முன்புதான் முதல் முறை பார்த்தேன், தனியாக, லேப்டாப்பில். முகமூடி, கத்தி எதற்கும் இல்லை.

லாரி தெருவில் ஓடி வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாள், உதவி உதவி என்று கத்துவாள். வாசல் விளக்கு எரியும். ஜன்னல் மறைப்பை யாரோ லேசாக விலக்கிப் பார்ப்பார்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிடுவார்கள். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிற ஹாலோவீன் ராத்திரி, ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கலாம். சில நொடிதான்.

எனக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ராத்திரி இரண்டரை ஆகும். ஒரு நாள் கேப் இறக்கிவிட்டுப் போன பிறகு கேட் அருகே யாரோ ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றான். எனக்குச் சாவி கைக்குக் கிடைக்கவில்லை. தரைத்தளத்து வீட்டு மணியை அழுத்தினேன். ட்யூப்லைட் இரண்டு தரம் கண்ணடித்து எரிந்தது. கதவின் பார்வைத் துளை கறுத்தது, யாரோ கண்ணை வைத்தார்கள். பிறகு லைட் அணைந்தது. மறுநாள் காலையில் அந்த வீட்டு மாமி வழக்கம்போல் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டார். நானும் “ஆச்சு மாமி” என்றேன்.

பேய்ப் படத்துக்கெல்லாம் நான் பயப்படுகிற ஆள் இல்லை. இந்தக் காட்சியை மட்டும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

பத்துநொடி:

இரவுப்பணி அக்கா, அந்தக் காட்சி எனக்கு நினைவிலேயே இல்லை. அங்கேயும் தள்ளிவிட்டேன் போல. சரி, தோற்றேன். முழுசாகப் பார்க்கிறேன்.

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் எதிர்வீட்டில் தனியாக இருக்கிற பெண்ணிடம் போய் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை போன்கள் இரண்டும் அரிசி டப்பாவுக்குள். விளக்கு இல்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். நான் வாயே திறக்கவில்லை.

கேப்டன் என்று இரண்டு முறைதான் சொன்னான். ஹார்டுவேர் கடை வாசலில் மைக்கேலின் மனநல டாக்டர் லூமிஸ் நின்றுகொண்டிருப்பார் இல்லையா, அவனைத் தேடி. அவர் இந்தப் பக்கம் பார்த்து நிற்க, முதுகுக்குப் பின்னால் அவன் திருடிய கார் நிதானமாகப் போகும். “சித்தி, கார்! பின்னாடி கார்! திரும்பிப் பாருய்யா கிழவா!” என்று எழுந்தே நின்றுவிட்டான். எனக்கு அந்தக் காரைக் கேசட்டில் பார்த்த நினைவே இல்லை. ஸ்கோப்லென்ஸ் சார் சொன்ன மாதிரி வெட்டுப்பட்டதோ, நான்தான் போர்வைக்குள் இருந்தேனோ.

லாரி துணி அலமாரிக்குள் ஒளிந்து கம்பி ஹேங்கரை நிமிர்த்துகிற இடத்தில் சோபாவின் இந்தக் கோடிக்கு நகர்ந்து வந்தான். ஆறு குண்டு வாங்கிக்கொண்டு மாடியிலிருந்து விழுந்தவன் புல்லில் இல்லை என்றதும் “அதெப்படி?” என்று என்னைப் பார்த்தான். பிறகு ஆள் இல்லாத அறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி மூச்சுச் சத்தம் மட்டும் கேட்குமே, அப்போது ஒன்றும் பேசவில்லை. பயந்தாயா என்றேன். “பயமெல்லாம் இல்ல, பரவாயில்ல” என்றான். தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான், நன்றாகத் தூங்கவும் செய்தானாம்.

இன்று காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக் கதவில் யாரோ மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம், தகிட தகிட தக தக என்று. “என் பிள்ளைக்கு என்னத்தடி காட்டித் தொலைச்சே?” என்கிறாள்.