புதுப்பிப்பு: சேற்றில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துப் பார்த்தேன்

போச்சம்பள்ளி பக்கம் எங்கள் மாந்தோப்புக்குப் போகும் மண் பாதையில், மழை பெய்தால் கார் திணறுகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் இன்ஜின் அடங்கிவிடுகிறது, டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கலாமா என்று கேட்டிருந்தேன். அணைத்துப் பார்த்துவிட்டேன். கார் ஏறிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சக்கரம் வழுக்கியதும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தானாகவே இன்ஜின் விசையைக் குறைத்து, சுழலும் சக்கரத்துக்கு பிரேக் போடுகிறது. தார் ரோட்டில் அதுதான் வேண்டும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் டயர் பள்ளங்களில் அப்பிய செம்மண் தெறித்து விழும், பிடிமானம் கிடைக்கும். பட்டனை அழுத்தினேன், மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டாவது கியர், ஸ்டீயரிங் நேராக, மெதுவான மிதிப்பு. சேறு அடியில் தபதபவென்று அடித்தது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குழி தோண்டி இறங்கிவிடும். ஒரு சக்கரம் மட்டும் அந்தரத்தில் தொங்கினால் அணைக்காதீர்கள். அங்கே அந்த பிரேக்தான் விசையை மறு சக்கரத்துக்குத் தள்ளும்.

அப்புறம், தொப்பூர் இறக்கத்தில் அணைத்தால் வண்டி நம் கட்டுப்பாட்டில் இருக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். வளைவில் வண்டி வழுக்கும்போது, பல கார்களில் அதே பட்டனில் அணையும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். நம் காலில் இருப்பது நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் பெடல்.

பல கார்களில் பட்டனை லேசாக அழுத்தினால் டிராக்‌ஷன் மட்டும் அணையும், நீளமாக அழுத்தினால் ஸ்டெபிலிட்டியும் போய்விடும். உங்கள் கார் மேனுவலைப் பாருங்கள். நான் தார் ரோடு தொட்டதுமே திரும்பப் போட்டுவிடுகிறேன்.