எந்த ஊர் என்று கேட்டால் மழுப்பாதீர்கள்

நெதர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, பிஎஸ்என் என்ற அரசு அடையாள எண் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். வீடு கிடைத்து, நகராட்சியில் முகவரியைப் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு.

வந்த புதிதில் யாராவது ஊர் கேட்டால் சென்னை என்பேன். தமிழர்களே கேட்டால் 'மதுரைப் பக்கம்'. என் ஊர் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அது என்ன பக்கமோ! 'அங்கிட்டு', 'இங்கன' என்று வாயில் வந்துவிடுமோ என்று பயந்து, தமிழர் வீட்டு விருந்துகளில் பாதி நேரம் வாயே திறக்க மாட்டேன்.

ஹாக்கிதான் அதை மாற்றியது. கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊரில் அது பைத்தியம். செயற்கைப் புல் மைதானமெல்லாம் வருவதற்கு முன்னால், கட்டாந்தரையில் முட்டி தேய விளையாடி வளர்ந்தவன் நான். அலுவலகத்தில் ஒருவர், "இந்தியர் என்றால் கிரிக்கெட்தானே?" என்றார். இல்லை, ஹாக்கி என்றேன். அடுத்த வாரமே ஆம்ஸ்டல்வேனில் தன் கிளப்புக்கு அழைத்துப் போய்விட்டார்.

இங்கே 'ட்ரிம்ஹாக்கி' என்று ஒன்று உண்டு. லீக் போட்டி, புள்ளிப் பட்டியல் எதுவும் கிடையாது. விட்ட ஆட்டத்தை மறுபடி தொடங்குபவர்களும், நடுவயதில் புதிதாகக் கற்பவர்களும் பெரும்பாலும் வாரத்தில் ஒருநாள் மாலை விளையாடுவார்கள். முதல் நாள் திணறிவிட்டேன். நனைந்த செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எங்கள் தரையில் அது குதித்து முழங்காலைத்தான் பார்க்கும். ஆட்டம் முடிந்தால் யாரும் உடனே கிளம்புவதில்லை, கேண்டீனில் உட்கார்ந்து பேச்சு. அந்த கேண்டீனில் பானம் ஊற்றிக் கொடுப்பது உறுப்பினர்களே, முறை வைத்து. முதல் முறை நின்றபோது பங்குனித் திருவிழாவில் பானகம் ஊற்றிய ஞாபகம்தான் வந்தது. டச்சுக்காரர்கள் ஒட்ட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், கிளப்பில் ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்பேன்.

சரி, ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆசை வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களைக் கைப்பையிலும் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் வேண்டும். எங்கள் கடலைமிட்டாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது, அதையும் சொல்லியே நீட்டுங்கள். ஆனால் கடலை ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள், இங்கே அது விளையாட்டில்லை.

போன முறை அப்பாவிடம் ஒரு கிலோ கேட்டேன். "அங்கன எல்லாருக்கும் குடுக்க வேண்டாமால?" என்று மூன்று கிலோ கட்டிக் கொடுத்தார். இரண்டு கிலோ கேண்டீனிலேயே தீர்ந்துவிட்டது.